கான் வெட்டப்படாத நிலம்

மலையகத்துத் தேயிலை நிலத்தைப் போல மனிதனின் ஒழுங்குக்குள் முழுமையாகக் கொண்டுவரப்பட்ட மலைநிலம் இலங்கையில் வேறில்லை எனலாம். ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. சரிவைக் குறுக்காக அறுத்துச் செல்லும் கான்கள், அதாவது மழைநீரை வேரடியில் தேங்கவிடாமல் வழிந்தோடச் செய்யும் வடிகால்கள், ஆண்டுதோறும் துப்புரவாக்கப்படும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை கால் பழகாத இடம் ஒன்றைக் காண்பதும் அரிது. நுவரெலியாவுக்குத் தெற்கே, பட்டிப்பொல, ஒஹிய ஆகிய புகையிரத நிலையங்களுக்கு மேலே கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளி இதற்கு நேர் எதிரான நிலமாகும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இந்நிலத்தில் யாரும் கான் வெட்டி நீரை விரட்டாததால், அது பள்ளங்களில் தங்கி, ஊறி, தன் விருப்பப்படி கசிகிறது.

சிங்களத்தில் மகா எலிய எனப்படும் இச்சமவெளிக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ஹோர்ட்டனின் பெயரைக் குடியேற்ற ஆட்சியினர் சூட்டினர். சமவெளி என்பது தூரத்திலிருந்து பார்ப்பவருக்கே பொருந்தும் பெயர். உள்ளே இறங்கியவருக்கு அது மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கும் புல்வெளி. ஈரமான பத்தனை எனத் தாவரவியலாளர் வகைப்படுத்தும் இப்புல்வெளியில் தடமின்றி நடப்பவருக்கு வழிகாட்டி தாவரங்களே. காய்ந்த மேட்டில் புற்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு நிற்க, அக்கொத்துகளின்மேல் கால் வைத்துச் செல்வது எளிது. பள்ளத்தில் கோரை வகைகளும் நீர்விரும்பும் புற்களும் தோன்றத் தொடங்கினால் அடியில் நிலம் இளகியிருக்கிறது என்று பொருள். ஆளுயரமே வளரும் குறுமூங்கில் அடர்ந்து நின்றால், கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும், அங்கே ஓடையொன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். நீலகிரிப் பக்கம் காட்டுப்பூவரசு என்றழைக்கப்படும் செந்நிற மலர் மரத்தின் உறவான மரமோ புல்லிடையே தனித்து நிற்கும். மரைகள் போய் வந்த ஒற்றைத் தடங்களை நம்பலாம் என்று தோன்றினும், மரைக்கு முழங்கால் அளவு சேறு ஒரு பொருட்டன்று என்பதை நடப்பவர் விரைவிலேயே உணர்வார். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் இந்த அடையாளங்களும் பத்தடிக்கு அப்பால் மறைந்துபோம். சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியசாகவே உள்ள இவ்விடத்தில், நனைந்த காலுடன் திசை தவறுவது விளையாட்டன்று.

அடியிலுள்ள கரிய மண்ணே இந்நிலத்தின் உண்மையான செல்வம். குளிரும் நீர்த்தேக்கமும் சேருமிடத்தில் காற்றுப் புகாமையால், மடிந்த புல்லும் வேரும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. பாடநூல்கள் முற்றா நிலக்கரி என்று குறிப்பிடுவது இப்படிவையே. அதனுள் விழுந்த மகரந்தத் துகள்களும் அழியாமல் தங்கிவிடுவதால், அது காலநிலையின் பதிவேடாகவும் ஆகிவிடுகிறது. பிரேமதிலக்க, ரிஸ்பெர்க் ஆகிய இருவரும் இப்படிவைத் துளையிட்டு எடுத்த மாதிரிகளைக் கொண்டு, கடந்த 24,000 ஆண்டுகளில் பருவமழை வலுத்தும் தளர்ந்தும் வந்த கதையை 2003 இல் வெளியிட்டனர். தடமில்லா நிலம் என்றால் மனிதர் எவரும் காணாத நிலம் என்று கருதிவிடக் கூடாது. மிகப் பழைய காலத்திலேயே இங்கு மேய்ச்சலும் காடெரிப்பும் நிகழ்ந்தமைக்கான அடையாளங்களையும் அம்மாதிரிகளில் அவர்கள் கண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த வெள்ளையருக்கு இது வேட்டை நிலமாகவே தெரிந்தது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களுடன் இம்மேட்டுநிலங்களில் மரைகளைத் துரத்தி, அவ்வேட்டைகளை நூலாக்கிப் புகழ் பெற்றார். இன்று இங்குள்ள நீர்வீழ்ச்சியொன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நிலத்தை அறிவதற்கு அது ஒரு வழிதான் என்றாலும், ஓடும் விலங்கின்மேல் வைத்த கண்ணுக்குக் காலடியில் ஊறும் நீர் தென்படுவது அரிது.

நீரை எண்ணிப் பார்த்தவர் வேறொருவர். கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது காக்கும்படி 1873 இல் இலங்கை அரசுக்கு ஆலோசனை கூறினார். பீட்ரு போன்ற தேயிலைத் தோட்டங்கள் அக்கோட்டுக்கு மேலேயும் இருப்பதைக் காண்பவர், ஆலோசனை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். ஆயினும் ஹோர்ட்டன் சமவெளி தேயிலைக்குப் போகவில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் கிளைகள் இம்மேட்டுநிலத்தில் ஊற்றெடுக்கின்றன. பெலிஹுல் ஓயா தெற்கே வளவைக்கு இறங்க, ஆக்ர ஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியே மகாவலியைச் சேர, மேற்கே கசியும் நீர் களனியின் கிளையாகப் பொகவந்தலாவைத் தோட்டங்களைக் கடந்து, மின்னுற்பத்திக்கான காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. லயத்துப் பீலியில் குடம் நிரப்புவோருக்கும், கொழும்பில் மின்விளக்கைப் போடுவோருக்கும் இச்சேற்றோடு உள்ள தொடர்பு இதுதான். பஞ்சுபோல் நீரை வாங்கி வைத்துச் சிறிது சிறிதாக விடும் இந்தக் கரிமண் கான் வெட்டி உலர்த்தப்பட்டால், மழைநாளில் வெள்ளமும் வறண்ட மாதங்களில் வெறும் கல்லுமாக ஆறுகள் மாறும்.

1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதிக்குள் சேர்க்கப்பட்டது. இப்போது உலக முடிவு எனும் செங்குத்துப் பாறைவிளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி வரும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர்ப் பாதையை விட்டு விலக அனுமதியில்லை. தடமற்ற நடையை விரும்புவோருக்கு இது ஏமாற்றமாயினும், விதி நியாயமானதே. ஈரப் பத்தனையில் ஒருவர் மிதித்த இடத்தையே அடுத்தவரும் மிதித்தால் அது தடமாகி, தடம் ஓடையாகி, கான் வெட்டாமலே கான் வெட்டிய பயனை விளைவித்துவிடும். அப்படியொரு மாற்றத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இச்சமவெளியிலுள்ள ஃபார் விடுதியின் சூழலைப் பார்க்கலாம்: 1960களில் அங்கு உருளைக்கிழங்குச் செய்கை நடந்து கைவிடப்பட்டது, கிழங்கு போன பின்னும் அந்நிய நாட்டுக் கிக்குயூ புல் அங்கேயே வேரூன்றிவிட்டது, பழைய பத்தனைப் புல் திரும்பவில்லை. பயணிகள் நெருங்கிநின்று படமெடுக்கும் மரைகள் பெரும்பாலும் அந்தப் புல்லையே மேய்கின்றன.