பச்சைப் பாதையில் ஒரு பகற்பொழுது

பிரான்சு என்றதும் பாரிஸ் நகரையும் ஈஃபில் கோபுரத்தையும் நினைக்கும் வாசக அன்பர்களிடம் நான் சொல்ல வந்திருப்பது ஒரு பழைய இரயில் பாதையைப் பற்றி. அதில் இன்று இரயில் ஓடுவதில்லை. பேருந்து, லாரி, கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் அங்கே அனுமதி இல்லை. மனிதர்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி மிதிக்கிறார்கள், சிலர் குதிரையேறிச் செல்கிறார்கள். சென்ற ஆண்டு ஜூன் திங்களில் அப்பாதையில் என் மகளோடும் பேத்தியோடும் ஒரு பகற்பொழுதைக் கழித்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. மிதிவண்டியைத் தொட்டுக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஏன் தொடவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

நான் காரைக்கால்காரன். 1954 வரை எங்கள் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததையும், அதனால் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற முஸ்லிம் குடும்பங்கள் அங்கே பல இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். என் மருமகன் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர். பூர்கோஞ் என்றும் பர்கண்டி என்றும் வழங்கப்படும் மாநிலத்தில், சோன் ஆற்றங்கரையில் உள்ள ஷாலோன் நகரில் பணிபுரிகிறார். புகைப்படக் கலைக்கு வித்திட்ட நியேப்ஸ் 1765ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது.

ஒரே மாநிலத்தில் இத்தனை விதமான நிலம் இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. கிழக்கே ஆற்றங்கரைச் சமவெளி, நம் தஞ்சைச் சீமையைப் போலத் தட்டையானது. சற்று மேற்கே போனால் குன்றுச் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். (அப்பழம் எங்கே போய்ச் சேருகிறது என்பது நமக்குத் தெரிந்ததே, ஆயினும் கொடிகளை வரிசை பிசகாமல் நட்டுக் காக்கும் அந்த உழவர்களின் உழைப்பைக் கண்டு வியக்காமல் இருக்க முடியவில்லை.) அதற்கும் அப்பால் காடுகள், வெள்ளை நிறச் சாரோலே மாடுகள் மேயும் புல்வெளிகள். இவற்றுக்கிடையே பழைய கால்வாய்கள். 1832இல் முற்றுப்பெற்ற பர்கண்டிக் கால்வாய் மட்டுமே 242 கிலோமீட்டர். படகுகளை ஏற்றி இறக்க 189 மதகுகள். முற்காலத்தில் மனிதரும் குதிரைகளும் கரையில் நடந்து படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அந்த இழுவைப் பாதைகளில்தான் இன்று பெரும்பாலும் மிதிவண்டிகள் ஓடுகின்றன.

கால்வாய்க் கரைகளோடு கைவிடப்பட்ட இரயில் பாதைகளும் சேர்ந்துகொண்டன. ஷாலோனுக்கு அருகிலுள்ள ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை தண்டவாளங்களை அகற்றி, 44 கிலோமீட்டருக்கு வழவழப்பான பாதை அமைத்து, 1997இல் திறந்தார்கள். 'வுவா வேர்த்', அதாவது பச்சைப் பாதை, என்ற பெயரில் அந்நாட்டில் முதன்முதலாக வந்தது இதுவே என்கிறார்கள். 2004ஆம் ஆண்டு சாலைச் சட்டத்திலேயே இத்தகைய பாதைக்கு இலக்கணம் வகுத்துவிட்டார்கள்: எஞ்சின் பூட்டிய வண்டிகளுக்கு இடமில்லை, நடப்பவர், மிதிப்பவர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கே உரியது.

இரயில் செங்குத்தாக ஏற இயலாது. ஆகவே குன்றுகள் நிறைந்த நாட்டிலும் இப்பாதை மேடேறுவதே தெரியாது. என் முழங்கால்கள் இதற்காக அக்காலப் பொறியாளர்களுக்கு நன்றி சொல்லின! எங்கள் ஊருக்கும் பேரளத்துக்கும் இடையே ஓடிய இரயில் 1980களில் நின்றுபோய், அந்த மண்மேடு பல்லாண்டுகள் சும்மா கிடந்தது என் நினைவுக்கு வந்தது. அண்மையில் மீண்டும் தண்டவாளம் போட்டுவிட்டார்கள், அதுவும் நல்லதே.

இனி என் கதைக்கு வருகிறேன். இளமையில் காரைக்காலிலிருந்து நாகூர் வரை மிதிவண்டியில் சென்று வந்தவன் நான். என் மகள் ஏழாம் வகுப்பில் தேறியபோது அவளுக்கும் ஒரு சிறு மிதிவண்டி வாங்கித் தந்தேன். சிவப்பு நிறம். வீட்டு முற்றத்திலும் தெருவிலும் அவளுக்குப் பழக்கிக் கொண்டிருந்தேன். அந்நாட்களில், 1999ஆம் ஆண்டில், எங்கள் தெருப் பையன் ஒருவன் பள்ளிக்கு மிதிவண்டியில் போகும் வழியில் பேருந்தில் அடிபட்டு மவுத்தானான். அந்த ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஜனாஸா எவ்வளவு இலேசாக இருக்கும் என்பது சுமந்தவருக்கே தெரியும். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் சிவப்பு மிதிவண்டியை எடுத்துப் போய், தூரத்து உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். மகள் பள்ளியிலிருந்து வந்து முற்றத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் மிதிவண்டியையும் அத்தோடு விட்டேன். ஆனால் அதே சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டுதான் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மகளுக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியும் என்பதையே ஷாலோன் போய்ச் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். முப்பத்தோரு வயதில், ஊரை ஒட்டிய கால்வாய்க் கரைப் பாதையில், மருமகன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவரக் கற்றுக்கொண்டாளாம். தொலைபேசியில் எத்தனையோ பேசியவள் இதை மட்டும் என்னிடம் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மருமகன் எங்களைக் காரில் க்ளுனிக்கு அழைத்துச் சென்றார். பழைய இரயில் நிலையத்தருகே மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. மின்விசை உதவியோடு ஓடுவதை எடுத்துக்கொள்ளும்படி அவர் வற்புறுத்தினார். வேண்டாம் என்றேன், வீண் பெருமைதான். முதல் நூறு அடி தூரம் வண்டி என்னைப் பாம்பாக வளைத்தது. பத்து வயதுப் பேத்தி, "கீழே பார்க்காதீங்க நன்னா, தூரமாப் பாருங்க" என்று எனக்குப் பாடம் சொன்னாள். அதே சொற்களை அவளுடைய தாய்க்கு எங்கள் முற்றத்தில் நான் சொல்லியிருக்கிறேன்.

வடக்கு நோக்கி, குரோன் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கு வழியே கொர்மத்தான் ஊர் வரை எங்கள் ஓட்டம். இருபுறமும் மரங்கள் கூரை போட்டிருந்தன. கிராமச் சாலைகள் குறுக்கிடும் இடங்களில் கார் நுழையாதபடி தடுப்புகள் வைத்திருக்கிறார்கள்; மிதிவண்டி மட்டும் வளைந்து நுழையலாம். ஒவ்வொரு தடுப்பிலும் பேத்தி தானாகவே நின்று, இருபுறமும் பார்த்து, காலை ஊன்றிக் கடந்தாள். ஆனால் நான் முதலில் கவனித்தது அந்தப் பாதையின் அமைதியை. ஹாரன் ஒலி இல்லை. சக்கரம் உருளும் ஓசையும் பறவைகளின் குரலும் தவிர வேறில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதோ என்று அஞ்சி அஞ்சித் தோள்களை இறுக்கிக்கொள்வது நம் சாலைகளில் நமக்குப் பழகிப்போன ஒன்று. நெடுநேரம் கழித்துத்தான் என் தோள்கள் தளர்ந்திருப்பதை உணர்ந்தேன்.

எதிரே ஒரு முதிய தம்பதியர், ரோலர் ஸ்கேட் அணிந்த இளைஞர்கள், சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி. தலையில் முக்காடும் காலில் சல்வாருமாக மிதித்துச் சென்ற என் மகளை எவரும் உறுத்துப் பார்க்கவில்லை. எதிர்ப்பட்ட பெரும்பாலோர் "போன்ழூர்" என்று முகமன் கூறிச் சென்றார்கள்.

கொர்மத்தானில் 17ஆம் நூற்றாண்டின் மாளிகை ஒன்று உண்டு, உள்ளே போகவில்லை. பாதையோரப் புல்தரையில் லுஹர் தொழுதுவிட்டு, மகள் கட்டி வந்திருந்த சோற்றை உண்டோம். பேத்தி சற்றுத் தள்ளி விளையாடிக் கொண்டிருந்தாள். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அந்தச் சிவப்பு சைக்கிள் ஞாபகம் இருக்காம்மா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நீங்க பயந்தது தப்பில்லை அத்தா. அந்த ரோடு அப்படி. ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் என் கிளாஸ்தான். அவனுக்காக அழறதா, சைக்கிளுக்காக அழறதான்னு தெரியாம, ரெண்டுக்கும் அழாம இருந்தேன்" என்றாள்.

அவன் அவளுடைய வகுப்பு என்பது எனக்கு அன்று தெரியும். தெரிந்தும் அவளிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மையித்து வீட்டில் ஆண்களோடு அமர்ந்திருந்தேன், கப்ருஸ்தான் சென்றேன், வந்து மிதிவண்டியை அகற்றினேன். "தப்பும்மா" என்றேன். அவள் தண்ணீர்ப் புட்டியை என்னிடம் நீட்டினாள். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

திரும்பியபின் க்ளுனி மடாலயத்தைப் பார்த்தோம். 910இல் நிறுவப்பட்டது. ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக விளங்கி, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கல்லுக்காக இடிக்கப்பட்டு, இன்று சிறு பகுதியே எஞ்சி நிற்கிறது. நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இம்மடத்தின் தலைவராக இருந்த பீட்டர் என்பவரின் ஏற்பாட்டில்தான் திருக்குர்ஆன் முதன்முதலாக இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு 1143இல் முடிவுற்றது. மறுத்துரைப்பதே அவருடைய நோக்கம். எனினும், மறுப்பதற்கும் முதலில் படித்தாக வேண்டும் என்று அவர் எண்ணினார் அல்லவா?

அடுத்த சனிக்கிழமை தெற்கு நோக்கிச் சென்றோம். அங்கே மலையைக் குடைந்து சுமார் 1600 மீட்டர் நீளத்துக்குப் பழைய இரயில் சுரங்கம். குளிர்காலத்தில் வௌவால்கள் அதில் உறங்குவதால் அவற்றுக்காக மூடிவிடுகிறார்கள். அப்போது மனிதர்கள் மலைமேல் சுற்றிப் போக வேண்டும். விளக்குகள் உண்டு என்றாலும் ஜூன் மாதத்திலும் உள்ளே குளிர் நடுக்கியது. மகள் முன்னே, பேத்தி நடுவே, நான் கடைசி. "மெதுவாப் போம்மா" என்று பழக்கத்தில் குரல் கொடுத்தேன். சுரங்கம் அதை நாலு முறை திருப்பிச் சொல்லியது. இருவரும் சிரித்துவிட்டு, வேகத்தைச் சற்றுக் குறைத்தார்கள்.

வெளியே வந்து வெயிலில் சிறிது தூரம் இறங்கியதும், குன்றின்மேல் பெர்ஸே கோட்டை தெரிந்தது. அங்கே காருடன் காத்திருந்த மருமகன், "களைச்சிருப்பீங்க மாமா, நீங்க வண்டியில ஏறிக்குங்க" என்றார். பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிளை க்ளுனியில்தானே திருப்பிக் கொடுக்கணும்? நீங்க முன்னாடி போங்க தம்பி" என்று சொல்லி, மிதிவண்டியைச் சுரங்கத்தை நோக்கித் திருப்பினேன்.