அருவி நாட்டில் இரண்டு நாட்கள்

தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையைத் தொட்டதும் தென்காசி வட்டாரத்து வானம் நிறம் மாறிவிடுகிறது. மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும் மழை, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து இப்பக்கம் வந்து சேரும்போது மெல்லிய சாரலாகிவிடுகிறது. இளவெயிலும் தூறலும் தென்றலும் ஒன்றாய்க் கலந்த அந்தப் பருவத்தை நம் மக்கள் 'சீசன்' என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான அம்மாதங்களில் குற்றாலத்துக்கு ஒருமுறையேனும் சென்று வராத குடும்பம் நெல்லைச் சீமையில் அரிது.

எங்கள் குடும்பமும் அதற்கு விலக்கன்று. வாப்பா உயிருடன் இருந்த காலத்தில் மேலப்பாளையத்திலிருந்து வாடகை வேனில் பதினைந்து, இருபது பேராகச் செல்வோம். ஆண்களும் பிள்ளைகளும் அருவியில் ஆடிக் களித்துத் திரும்பும் வரை, உம்மா சோற்றுப் பாத்திரங்களுக்கும் துணிப் பைகளுக்கும் காவலாக வேனிலேயே அமர்ந்திருப்பார். கூட்டம், ஈர உடை, உடை மாற்ற மறைவிடம் இன்மை எனக் காரணங்கள் பல. அவரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. நாற்பது ஆண்டுகளில் குற்றாலத்துச் சாரல் உம்மாவின் மீது பட்டிருக்கிறதே தவிர, அருவி பட்டதில்லை.

கடந்த ஜூலையில் தம்பி தன் காரை எடுத்தபோது உம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலி ஒருபுறம். வாப்பா மறைந்தபின் எங்கும் செல்ல மனமின்மை மறுபுறம். "இந்தத் தடவை நீங்க குளிக்கத்தான் வேணும் உம்மா" என்றான் தம்பி. "எனக்கு எதுக்கு வாப்பா இந்த வயசுல? பிள்ளைகள் குளிக்கட்டும். நான் சாமானைப் பாத்துக்கிறேன்" என்பதே பதிலாக வந்தது.

ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசியை அடைந்து, உறவினர் இல்லத்தில் இரவைக் கழித்தோம். மறுநாள் பஜ்ர் தொழுத கையோடு ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். அந்நேரத்தில் கூட்டம் இல்லை. ஒரே நீரோட்டம் பாறை மீது ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் அவ்விடத்தில் பெண்கள் குளிக்கத் தனிப் பகுதி உண்டு. உம்மாவின் ஒரு கையை நானும் மறு கையை என் மூத்த மகளும் பற்றிக்கொண்டு, வழுக்கும் படிகளில் அடி அடியாக அழைத்துச் சென்றோம். தண்ணீர் தோளில் விழுந்ததும் "யா அல்லாஹ்!" என்று அலறியவர், அடுத்த கணம் சிறு பெண்ணைப் போலச் சிரித்தார். அச்சிரிப்பை வாப்பாவின் மறைவுக்குப் பின் அன்றுதான் கேட்டேன். போகலாம் என்று நாங்கள் இருமுறை அழைத்தும் அவர் வரவில்லை.

மாலையில் பேரருவிக்குச் சென்றோம். இருநூறு அடிக்குக் குறையாத உயரத்திலிருந்து சிற்றாறு இறங்கி வரும் இடம் அது. பிள்ளைகள் மாமனுடன் குளிக்க, உம்மா கரையில் அமர்ந்திருந்தார். எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்தே இருந்தது. திடீரென உம்மா எழுந்து, "தண்ணி கலங்குது, தழையும் சுள்ளியும் வருது. பிள்ளைகளை வெளியே எடு" என்று குரல் கொடுத்தார். பெரியவன் முணுமுணுத்தான், தம்பி மறுபேச்சின்றி அனைவரையும் கரையேற்றினான். சில நிமிடங்களில் காவலர்களின் ஊதல் ஒலித்தது. குளித்தோர் அனைவரும் அப்புறப்படுத்தப்பட்டனர். சற்று நேரத்தில் செந்நிற வெள்ளம் பாதுகாப்பு வளைவை எட்டி இரைந்தது.

அடிவாரத்தில் வெயில் அடித்தாலும், மலையுச்சியில் பெய்யும் மழை செங்குத்தான பாறைகளின் வழியே சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. அருவிக் கரையில் ஒருவரேனும் குளிக்காமல் நீரைப் பார்த்திருப்பது அவசியம் என்பதை அன்று கண்ணால் கண்டோம். எத்தனையோ ஆண்டுகள் அக்கரையில் காத்திருந்த உம்மாவுக்கு, அருவியின் குணம் எங்கள் அனைவரையும்விட நன்கு தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் செங்கோட்டை வழியாக மலையேறினோம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. அக்காலத்து எல்லையின் நினைவாகத்தான் பிரானூரில் கிடைப்பதை இன்றும் 'பார்டர் பரோட்டா' என்கின்றனர். அதை உண்டு, ஆரியங்காவைக் கடந்து பாலருவியை அடைந்தோம். பிரதான சாலையிலிருந்து வனத்துறை வாகனத்தில்தான் உள்ளே செல்ல இயலும். முந்நூறு அடி உயரத்திலிருந்து பால் பொங்கி வழிவதுபோல் விழும் அவ்வருவியைப் பார்த்தவாறு உம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "உங்க வாப்பா இதைப் பாத்திருக்கணும்" என்றார். திரும்புமுன், 1904ல் திறக்கப்பட்டு, 2018ல் அகலப் பாதையாக மீண்டும் இயங்கத் தொடங்கிய கொல்லம் இருப்புப் பாதையின் பதின்மூன்று கண் பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம்.

இதை வாசிக்கும் சகோதரிகளிடம் சில சொற்கள். பயணம் புறப்படும்போது வீட்டுப் பெரியவர்களைச் சாமான்களுக்குக் காவலாக மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். காவல் முறையை இளையவர்கள் மாற்றி மாற்றி ஏற்றுக்கொள்ளட்டும். கூட்டம் சேருமுன் அதிகாலையில் செல்லுங்கள். மாற்றுடையும் ஒரு பெரிய போர்வையும் மறவாதீர்கள். சோப்பும் ஷாம்பூவும் எண்ணெயும் வேண்டாம். குற்றால அருவிகளில் அவற்றை உயர்நீதிமன்றமே தடை செய்துள்ளது. கீழே அந்த நீரைக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் நிறம் மாறினால் ஊதலுக்குக் காத்திராமல் கரையேறுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த சீசனுக்கும் செல்ல எண்ணியிருக்கிறோம். உம்மா இப்போதே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.