வெற்றுக்கூடு

வழக்கமான வெடியொலிக்குப் பதிலாக, நனைந்த பட்டாசு போலத் 'துப்' என்றோர் ஓசை. ஸ்லைடு எனப்படும் மேற்பகுதி பின்னோக்கி நகரவே இல்லை. ஏதோ சிக்கிக்கொண்டது என்றெண்ணி, அதை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றக் கையை உயர்த்தினோம். பயிற்சியாளர் நம் மணிக்கட்டைப் பற்றினார். "விரலை எடுங்க சார். முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும்."

அரை நிமிடம் அப்படியே நின்றோம். பின்னர் அவர் தோட்டாக்களை அகற்றிவிட்டு, பித்தளைக் கோலொன்றைக் குழலுக்குள் செலுத்தித் தட்டினார். 2.6 கிராம் ஈயம் மேசைமேல் உருண்டது. மருந்து குறைந்த தோட்டா. குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியோ வெடித்தோ போயிருக்கும். அன்று பிற்பகல் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது, மாணவர்களுக்கு முன் நம் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டோம்.

மாணவப் பருவத்தில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டதோடு சரி. நாற்பதைக் கடந்தபின் ஊர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு வந்தோம். தமிழாசிரியருக்கு அங்கே முதல் இடறல் சொல்லில்தான். தோட்டா, குண்டு, ரவை யாவும் பொதுவழக்கில் ஒன்றாகவே புழங்குகின்றன. ஈழத்தார் சன்னம் என்பர். பித்தளைக் கூடு, மருந்து, ஈயம் எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து செல்வது ஈயம் மட்டுமே.

.22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து கூட்டின் அடிவிளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். விளிம்பில் ஓரிடத்தில் அது சரியாகப் படியாதிருந்தால், அவ்விடத்தில் ஊசி மோதினாலும் வெடிக்காது. சற்றுப் பொறுத்து, அதே தோட்டாவைத் திருப்பியிட்டுச் சுட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். வேகமும் பார்க்கவேண்டும். இலக்குப் பயிற்சிக்குரியவை நொடிக்கு ஏறத்தாழ 320 முதல் 330 மீட்டர் வரை, ஒலியின் வேகத்துக்குள் அடங்கியே செல்பவை. போட்டித் துப்பாக்கியின் சுருள்வில் அதற்கென அமைந்தது. மிகுவேகத் தோட்டா பொறியை அடித்துத் தேய்க்கும். மெலிந்ததோ ஸ்லைடை முழுதும் பின்தள்ளாது. வெற்றுக்கூடு வாயிலில் செங்குத்தாகச் சிக்கி நிற்கும். மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். இதை நாம் வசதியாக மறந்துபோனோம்.

ஆம், ஈயம் மேசைமேல் உருண்ட நாள்முதல் நம் ஒவ்வொரு பிழைக்கும் தோட்டாவே பொறுப்பாயிற்று. 2021இல் டோக்கியோவில் மனு பாக்கரின் துப்பாக்கியே பழுதாகவில்லையா என்று வாதிட்டோம். "அதே ஆட்டத்துல அவங்க 575 எடுத்தாங்க சார்" என்றார் பயிற்சியாளர். 600க்கு 575.

மூன்று வகைத் தோட்டாக்களை வாங்கினோம். மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்து வகைக்குப் பத்தாகச் சுட்டோம். அப்படித்தான் தேரவேண்டும், ஒரே பெயருள்ள தோட்டாவும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும், ஒவ்வொரு குழலுக்கும் அதற்கெனப் பிடித்தது ஒன்றிருக்கும். மூன்றில் ஒன்று சற்று நெருக்கமாக விழுந்தது. ஆனால் மூன்றுமே 50 மில்லிமீட்டர் பத்தாம் வளையத்துக்குள் அடங்கின. மூட்டையை அகற்றிக் கையில் பிடித்தால் மட்டும், எவ்வகையாயினும், இடப்புறம் கீழே இறங்கின.

பயிற்சியாளர் நம்மைத் திரும்பி நிற்கச் சொன்னார். சில முறை நல்ல தோட்டாவையும் சில முறை சுட்டுமுடித்த வெற்றுக்கூட்டையும் அறையில் இட்டு, முனை இலக்கை நோக்கியிருக்க மேசையில் வைத்தார். எது உள்ளே இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. மூன்றாம் முறை விசையை அழுத்தினோம். 'டிக்' என்ற ஒலி மட்டுமே. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, வெடிக்கு அஞ்சிய கையால், கண்ணெதிரே இரண்டு விரற்கடை தாழ்ந்தது. இதுகாறும் வெடியின் உதறல் அதை மறைத்து வந்திருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்ததை இட்டார்.

இப்போதும் ஞாயிறுதோறும் வைக்கிறார். சென்ற வாரம் பத்தில் நான்கு வெற்றுக்கூடு. இரண்டில் முனை தாழ்ந்தது. தோட்டாப் பெட்டிகளின் தொகுதி எண்ணைக் குறித்துவரும் ஏட்டில், எண்ணுக்கு எதிரே அந்த இரண்டையும் எழுதிவைத்தோம்.