ஒன்பது பக்கமும் ஒரு பூட்டும்

டாக்குமென்டேஷன் வேலையை டீமில் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். எல்லாரும் கோடிங்கைப் பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சியது என் தலையில் விழுந்தது. "உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே"ன்னு ஒரு ஐஸ் வேற.

எங்கள் லேபில் 40 மெஷின், எல்லாவற்றிலும் உபுண்டு. ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு மெஷினுக்கு ஒரே பொது லாகின். காலையில் ஒருத்தன் மவுஸ் ஸ்க்ரோலைத் தலைகீழாக மாற்றிவிட்டுப் போவான். மதியம் வருகிறவர்கள் "மவுஸ் ரிப்பேர் மேம்" என்று நிற்பார்கள். இன்னொருத்தன் எழுத்தை எறும்பு சைஸுக்குக் குறைத்திருப்பான். பிராக்டிகலுக்கு முன்னாடி எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கணும் என்று மேம் சொல்லிவிட்டார்.

ஜிநோம் டெஸ்க்டாப்பில் இந்த விருப்பங்களை எல்லாம் சேமித்து வைப்பது டிகான்ஃப். செட்டிங்ஸில் நாம் மாற்றுவது ஹோம் ஃபோல்டருக்குள் 'யூசர்' என்கிற ஒரே ஒரு ஃபைலில் போய் உட்காரும். அது பைனரி, எடிட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. அட்மின் தனியாக ஒரு சிஸ்டம் டேட்டாபேஸும் வைக்கலாம். அதில் இருப்பது வெறும் டீஃபால்ட். யூசர் தனக்கென்று ஒன்றை வைத்திருந்தால் அதுதான் ஜெயிக்கும். ஆனால் 'லாக்ஸ்' ஃபோல்டரில் அந்தக் கீயின் பெயரை ஒரு வரி எழுதிவிட்டால் கதையே வேற. யூசர் என்ன வைத்திருந்தாலும் அட்மின் வைத்ததுதான் திரையில் வரும்.

வால்பேப்பர், ஸ்க்ரோல் திசை, எழுத்து அளவு மூன்றுக்கும் லாக் போட்டோம். எழுத்து அளவு 1.0.

நான் எழுதிய டாக்குமென்ட் ஒன்பது பக்கம். ப்ரொஃபைல் ஃபைலில் என்ன இரண்டு வரி வேண்டும், கீ ஃபைல் எங்கே இருக்கும், எல்லாம் இருந்தது. எதை மாற்றினாலும் கடைசியில் 'டிகான்ஃப் அப்டேட்' கமாண்ட் ஓட்டணும் என்பதை போல்டில் போட்டிருந்தேன், ஏன்னா அதை மறந்துட்டு நாங்களே ஒரு மணி நேரம் முழிச்சோம். ஒவ்வொரு கீயும் என்ன செய்யும் என்பதை 'ஜிசெட்டிங்ஸ் டிஸ்கிரைப்' கமாண்ட் காட்டியதிலிருந்து அப்படியே காப்பி அடித்து ஒரு டேபிள். மேம் "குட்" என்றார். எனக்கும் பெருமைதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் லேபுக்குப் போனேன். லேப் அசிஸ்டன்ட் அண்ணா மானிட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து ஸ்டாக் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, கண்ணாடி எங்க?"

"போட்டுட்டுத்தான்ம்மா இருக்கேன். எழுத்து சின்னதாயிடுச்சு. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

அவருக்குத் தனி லாகின். அதில் அவர் எழுத்து அளவை 1.25 என்று வைத்திருந்தார். நாங்கள் போட்ட லாக் பொது லாகினுக்கு மட்டும் இல்லை, அந்த மெஷினில் லாகின் பண்ணுகிற எல்லாருக்கும்தான். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அவர் மேஜையில் என் ஒன்பது பக்கமும் பிரின்ட் எடுத்து ஸ்டேப்பிள் பண்ணி இருந்தது. ஆறாம் பக்கத்தில் பேனாவால் அடிக்கோடு. அதில் இருந்த கமாண்டை அவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கீயில் எழுத முடியாது என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. டேபிளில் அந்தக் கீக்கு நேரே நான் எழுதியிருந்தது: மதிப்பு 1.0, லாக் உண்டு. ஏன் பூட்டினோம், யாரை எல்லாம் பாதிக்கும், வேண்டாம் என்றால் யாரிடம் கேட்கணும்? ஒரு வரி கிடையாது. இரண்டு வாரமாக ஒரு மனுஷன் தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், என் இங்கிலீஷைப் படித்துவிட்டு.

அன்றைக்கே எழுத்து அளவுக்குப் போட்ட லாக்கை எடுத்தோம். பசங்க மாத்தினா மாத்தட்டும், பொது லாகினுக்கு எக்ஸாம் காலையில் ஒரு ரீசெட் கமாண்ட் போதும். இதைக் கொஞ்சம் யோசித்திருந்தால் அன்றைக்கே தோன்றியிருக்கும்.

அப்புறம் டாக்குமென்ட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம், மெயில் தவிர எதுவும் சொந்தமாக எழுதாத கை. டீஃபால்ட்டுக்கு 'முன்னிருப்பு' என்று நெட்டில் தேடிப் பிடித்துப் போட்டேன். அண்ணா படித்துவிட்டு, "இது என்னம்மா, ட்ரெயின் ரிசர்வேஷனா?" என்றார். அடித்துவிட்டு 'யாரும் எதுவும் மாத்தலன்னா இருக்கிற அளவு' என்று எழுதினேன். நீளம்தான், ஆனா அதுக்கப்புறம் அவர் எதுவும் கேட்கலை.

லாக்கை எடுத்து அப்டேட் ஓட்டிய பிறகு அவரை லாக் அவுட் பண்ணித் திரும்ப உள்ளே வரச் சொல்லியிருந்தேன். வந்ததும் எழுத்து பெரிதாக இருந்தது.

"நீ ஏதாவது செட் பண்ணியா?"

"இல்லண்ணா. நீங்க முன்னாடி வச்ச 1.25தான். லாக் அதை மறைச்சுதான் வச்சிருந்துச்சு, அழிக்கல. உங்க ஃபைல்ல அப்படியே இருந்திருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதையும் எழுதி வைம்மா" என்றார். பத்தாம் பக்கத்தில் முதல் வரி அதுதான்.