ஆரஞ்சு எட்டிப் பார்க்கும் முன்

ஏப்ரல் 4

ஆசைப்பட்ட நிறம் கிடைத்துவிட்டது. தோளுக்குக் கீழே தேன் பழுப்பு, மேலே என் சொந்தக் கறுப்பு. நம்மூர்க் கறுப்பு முடியை ப்ளீச் செய்தால் முதலில் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, கடைசியில்தான் மஞ்சள் வெளிப்படும். என் முடியை ஆரஞ்சிலேயே நிறுத்தி, அதன் மேல் டோனர் போட்டு அடக்கியிருக்கிறார்கள். "டோனர் நாலு வாரம், மிஞ்சினா ஆறு வாரம் நிக்கும் மேடம். அப்புறம் நீங்க பாத்துக்குறதுலதான் இருக்கு" என்றார் சலூன் பெண். மூன்று நாள் தலையில் தண்ணீர் படக் கூடாதாம்.

ஏப்ரல் 7

முதல் தலைக்குளியல். எங்கள் வேளச்சேரி வீட்டுக் குளியலறையில் போர் தண்ணீர். ஷவரின் துளைகளில் பாதி உப்பேறி அடைத்திருக்கிறது; நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. அந்தக் கால்சியமும் மெக்னீசியமும்தான் முடியிலும் படிகின்றன. ப்ளீச் பட்ட முடியின் மேல்செதில்கள் சரியாக மூடிக்கொள்வதில்லை. தண்ணீரில் இருப்பதையெல்லாம் அது இழுத்துக்கொள்கிறது, போட்ட நிறத்தையும் சுலபமாக விட்டுவிடுகிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குளிக்கிற தண்ணீரைப் பற்றி நாம் கேட்பதுகூட இல்லை. விலை உயர்ந்த ஷாம்பு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது குழாயைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

காய்ச்சினால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் போகும். அதனால் போர் தண்ணீரில் அலசிவிட்டு, சமையலறையில் வரும் மெட்ரோ வாட்டரைக் கடைசியில் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டேன். சூடான தண்ணீர் வேண்டவே வேண்டாம். மாதம் ஒரு தடவை, உப்பைப் பிடித்து வெளியேற்றும் ஈ.டி.டி.ஏ. கலந்த ஷாம்பு போதும்.

ஏப்ரல் 13

நாளை வருஷப் பிறப்பு. "நல்ல நாளும் அதுவுமா எண்ணெய் வைக்காம தலைக்கு ஊத்திக்கப் போறியாடி?" என்றாள் அம்மா. வைத்துக்கொள்கிறேன் என்றதும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை. 2003இல் மும்பை ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். குளிப்பதற்கு முன்பே தடவினால்தான் பலன் அதிகம்; தண்ணீரில் முடி ஊதுவதும் குறையும்.

சீயக்காய் மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அதன் பழுப்பு வெளுத்த முடியில் ஏறி மங்கலடித்துவிடும். மஞ்சள் பூசும்போது முடியை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 27

காதோரத்தில் செம்பு நிறம் தெரிகிறது. கடையில் எடுத்த எடுப்பில் நீட்டியது பர்ப்பிள் ஷாம்பு. ஊதா அடக்குவது மஞ்சளை. ஆரஞ்சை அடக்குவது நீலம். நம்மில் பெரும்பாலோர் முடி ஆரஞ்சிலேயே நிற்பதால் நீல ஷாம்புவே பொருத்தம். கேட்டு வாங்கினேன். வாரம் ஒரு தடவை, மூன்று நிமிடம். அதிகமானால் முடி வறளும், நிறமும் செத்துப்போகும்.

மே 10

அக்கா மகளோடு நீச்சல் குளம். வெளுத்த முடி குளத்தில் பச்சையடிப்பதற்கு முக்கியக் காரணம் தண்ணீரில் கரைந்துள்ள தாமிரம். குளோரினைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்து, கண்டிஷனர் தடவித் தொப்பி போட்டேன். ஏற்கெனவே ஊறிய முடி குளத்து நீரை அவ்வளவாகக் குடிக்காது. ஸ்கூட்டரில் போகும்போது பின்னலைத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொள்கிறேன், வெயிலும் நிறத்தைத் தின்னும்.

மே 18

நனைந்த முடி ஒன்றை இழுத்துப் பார்த்தேன். ரப்பர் போல நீண்டுகொண்டே போனால் உள்ளே புரதம் அழிந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையது கொஞ்சம் நீண்டு, பழையபடி சுருங்கியது. நிம்மதி.

"மருதாணி போட்டா எல்லாம் ஒரே நிறமா ஆயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வெளுத்த முடியில் மருதாணி கொழுந்துவிட்ட ஆரஞ்சாகப் பிடிக்கும். அதிலும் உலோக உப்பு கலந்த பொடியானால், அடுத்த ப்ளீச்சில் சூடேறி முடியே கருகலாம். பக்குவமாகச் சொல்லி மறுத்துவிட்டேன்.

சலூனுக்குப் போன் செய்து ஜூன் முதல் வாரத்தில் நேரம் கேட்டிருக்கிறேன். டோனர் மட்டும், நுனியில் அரை அங்குலம் வெட்டு. ஏற்கெனவே வெளுத்த பகுதியில் ப்ளீச் படவே கூடாது என்பதை உட்காரும் முன்பே சொல்லிவிடுவேன்.