ஸ்டார்போர்டு

கப்பலின் வலப்பக்கத்தை ஆங்கிலத்தில் ஸ்டார்போர்டு என்கிறார்கள். கேட்டால் உள்ளே ஒரு நட்சத்திரம் மின்னுவதுபோல இருக்கும். விண்மீன் பார்த்துக் கப்பல் ஓட்டிய காலத்துச் சொல் என்று கதை கட்டவும் வசதி. ஆனால் நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஸ்டியோர்போர்டு: கப்பலைத் திருப்பும் துடுப்பு இருக்கிற பக்கம். அவ்வளவுதான்.

அன்றைய வடகடல் கப்பல்களில் பின்புற நடுவில் சுக்கான் கிடையாது. பின்பக்கத்தின் வலது ஓரத்தில் பெரிய துடுப்பு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். பெரும்பாலோருக்கு வலக்கைதானே பழக்கம். நார்வேயில் 1904-இல் தோண்டியெடுத்த ஓசபர்க் கப்பலில் அதைப் பார்க்கலாம். துடுப்பு இடிக்கும் என்பதால் கரையை இடப்பக்கமாக அணைத்தார்கள், சரக்கும் அந்த வழியே ஏறியது. அந்தப் பக்கம் லார்போர்டு. பிற்பாடு சுக்கான் நடுவுக்கு வந்தது, துடுப்பு போய்விட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

“எதுக்குங்க இவ்வளவு சுத்தி வளைக்கணும்? வலது, இடதுன்னு சொல்லிட்டுப் போகலாமே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். யாருடைய வலது என்பதுதான் சிக்கல். முன்னால் பார்த்து நிற்பவருக்கும் பின்னால் பார்த்து நிற்பவருக்கும் வலது வேறு வேறு. ஸ்டார்போர்டு ஆளுக்குச் சொந்தமில்லை, கப்பலுக்குச் சொந்தம். நாம் எப்படித் திரும்பி நின்றாலும் அது இடம் மாறாது. இரவில் அங்கே பச்சை விளக்கு, எதிர்ப்பக்கம் சிவப்பு.

புயலில் கத்தும்போது ஸ்டார்போர்டும் லார்போர்டும் ஒன்றுபோலக் கேட்டன. 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட் என்ற சொல்லையே இடப்பக்கத்துக்கு வைக்க ஆணையிட்டது.

அப்புறமும் குழப்பம் முழுக்கத் தீரவில்லை. 1912-இல் பனிப்பாறையைக் கண்டதும் டைட்டானிக்கில் எழுந்த ஆணை ‘ஸ்டார்போர்டு’; கப்பல் திரும்பியதோ இடப்பக்கம். அது பிழையல்ல. அன்றைய வழக்கில் ஆணை, சுக்கான் பிடியைத் தள்ள வேண்டிய திசையைச் சொன்னது. பிடி வலப்பக்கம் போனால் கப்பலின் முனை இடப்பக்கம் போகும். சக்கரம் வந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. பிரிட்டனில் 1933-இல்தான் அதை மாற்றினார்கள்.

பழைய துடுப்பின் ஞாபகத்துக்காக மாலுமிகள் ஸ்டார்போர்டை வைத்துக்கொள்ளவில்லை. இருட்டில் யார் கத்தினாலும் ஒரே பக்கத்தைக் காட்டுகிறது, அதனால் வைத்துக்கொண்டார்கள். லார்போர்டு உயிரோடு விளையாடியது, விட்டுவிட்டார்கள். நாம் சொல்கிற சுக்கானே அரபியிலிருந்து வந்த சொல்தான். பழசு என்பதற்காகவே ஒரு சொல்லைக் காக்க வேண்டும் என்று யாராவது வாதாடும்போது எனக்கு லார்போர்டு ஞாபகம் வருகிறது.