ஆர்த்தோவும் எங்கள் ஊர் உடும்பும்

எலும்பு முறிந்தவர்கள் மாகறலீஸ்வரரிடம் வேண்டிக்கொள்வது எங்கள் ஊர்ப் பக்கம் வழக்கம். சோழ ராஜா துரத்திய பொன் உடும்பின் வால்தான் இங்கே லிங்கம் என்பது தலபுராணம். அதனாலோ என்னவோ, ஆர்த்தோ படிக்கப்போகிறேன் என்றதும் அத்தைக்கு ஆச்சரியமே இல்லை.

கோவை கங்கா மருத்துவமனையில் அப்சர்வராக இருந்துவிட்டு வந்திருக்கிறேன். விபத்தில் சிதைந்த கால் வந்தால், ஆர்த்தோவும் பிளாஸ்டிக் சர்ஜரியும் முதல் ஆபரேஷனிலேயே சேர்ந்து நிற்கிறார்கள். காலை எடுப்பதா, காப்பாற்றுவதா? அதற்கு அவர்களே உருவாக்கி 2006-ல் வெளியிட்ட ஸ்கோர் இருக்கிறது. தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றுக்கும் 5 வரை. சர்க்கரை, முதுமை, தாமதம் போன்றவற்றுக்குத் தலா 2. மொத்தம் 14-க்குள் என்றால் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. 15, 16 வந்தால்தான் சீனியர்கள் யோசிக்கிறார்கள். அந்த விவாதத்தைக் கேட்கவே போகலாம்.

ஆர்த்தோ என்றால் பலசாலி ஆம்பளை வேலை என்று இன்னும் சொல்கிறார்கள் (சொல்பவர்கள் தியேட்டர் பக்கம் வந்ததில்லை). ஈய ஏப்ரன் போட்டு மணிக்கணக்கில் நின்ற ரெசிடென்ட் அக்கா சொன்னது: "பலத்த விடு தம்பி, டிரில் சத்தத்த கேளு." உண்மைதான். எலும்பின் கெட்டியான ஓட்டைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் சத்தம் சட்டென்று மாறுகிறது. எதிர்ப்பக்க ஓட்டைத் தொட்டதும் மறுபடி இறுகுகிறது. அதைத் தாண்டியும் கை நிற்காவிட்டால் ரத்தக்குழாய்தான்.

டி.என்.பி. ஆர்த்தோ படிக்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால் இன்பாக்ஸ் வாருங்கள். டியூட்டி நேரம், ஸ்டைபெண்ட் பற்றி நிறையக் கேட்கணும்.